பூவா, நிஜமா

அன்று விமான நிலையத்தில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "அங்கே பச்சையாக உரித்துத் தின்னும் பெரிய பயறு தட்டில் வந்தால் தொடாதே, அரபிக்கடை ஃபூலும் அதுவும் ஒன்றுதான்." இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். புறப்பாடு வாசலில் நீ முதுகுப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. குதிரையேற்றத் தொப்பியைப் பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருந்தாய். நீ திரும்பும்போதெல்லாம் அது அப்பாவின் முழங்கையில் இடித்தது. என்னை அணைத்துக்கொண்டு, காதோரம் சிரித்தபடி, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பூ எதுவும் வேணாம்மா, ப்ளீஸ்" என்றாய். நான் தலையாட்டினேன். "சன்கிரீம் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டேன். நீ உள்ளே போய், வரிசையில் நின்று, ஒருமுறை கையசைத்து மறைந்துவிட்டாய். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னை நீ பயந்தவள் என்பாய். உண்மைதான். லிஃப்டில் ஏறுமுன் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பவள் நான். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவள். ஆனால் பிறந்ததிலிருந்து நான் இப்படி இல்லை. பதினெட்டு வயதில் கல்யாணமாகி, தனியாக விமானம் ஏறி, பக்கத்து இருக்கைக்காரரிடம் சண்டை போட்டு ஜன்னலோரம் வாங்கிக்கொண்டு ராஸ் அல் கைமாவில் வந்து இறங்கிய பெண்ணை உனக்குத் தெரியாது. அவளுக்கு எதிலும் பயம் இல்லை. பயம் எனக்கு வந்த நாள் எது என்று திட்டமாகச் சொல்ல முடியும். நீ பிறந்து மூன்றாவது நாள்.

உன் அப்பா எனக்கு அத்தை மகன் என்பது உனக்குத் தெரியும். அந்த உறவுக்கும் உன் ரத்தத்தில் இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதைப் பல வருடம் கழித்துத்தான் நான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், பிறந்த மூன்றாம் நாள் நீ மஞ்சளாக மாறினாய் என்பது மட்டும்தான். நகத்தடிகூட மஞ்சள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே உன்னைப் போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் தடுப்பூசி அட்டையில் அரபியில் ஏதோ எழுதினார். அவர் போனபின் நர்ஸ் என் கட்டிலருகே வந்து விரலை ஆட்டிச் சொன்னாள்: "பேபி, ஃபூல் மாஃபி. ஆல் லைஃப், ஃபூல் மாஃபி. ஓகே, மாமா?" மாஃபி என்றால் இல்லை, கூடாது. வந்த வாரமே கற்றுக்கொண்ட சொல் அது. ஃபூல் என்பது எனக்கு டிவியில் இந்தித் தொடர் பார்த்துத் தெரிந்த சொல். ஃபூல் என்றால் பூ. குழந்தைக்குப் பூ ஆகாது. விசித்திரமாக இருந்தது. ஆனால் பத்தொன்பது வயதில், தையல் போட்ட வலியோடு படுத்திருக்கிறவளுக்கு எல்லாமே விசித்திரம்தான்.

உன் அப்பா அன்றைய என்னை மாதிரி இல்லை, எதையும் சரிபார்ப்பவர். அட்டையைத் தன் டைல்ஸ் கம்பெனிக்கு எடுத்துப்போய் ஃபோர்மேன் கான் பாயிடம் காட்டியிருக்கிறார். கான் பாய் பெஷாவர்க்காரர். அரபி எழுத்தும் அவருடைய உருது எழுத்தும் ஏறக்குறைய ஒன்று. எழுத்து தெரியும், மொழி தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்திருக்கிறார்: "ஃபே, வாவ், லாம். ஃபூல். ஹான் பாய், ஃபூல் ஹீ லிக்கா ஹை." "ஃபூல்னா எது பாய்?" என்று இவர் கேட்க, "ஃபூல், யார். குலாப், சமேலி, சப்." அப்பா வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுமுன் சொன்னார்: "கான் பாயும் அதேதான் சொல்றாரு. ரோஜா, மல்லிகை, எதுவும் ஆகாதாம் பாப்பாவுக்கு." அரபியில் ஃபூல் என்றால் பயறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல அங்கே ஆள் இல்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா.

ஆறு வருடம் நம் வீட்டில் பூ கிடையாது. உனக்குக் காது குத்த அறந்தாங்கிக்குப் போனபோது, குருக்கள் சாமி மாலையை உன் கழுத்தில் போட வந்தார். நான் பாய்ந்து பறித்ததில் மாலை அறுந்து தட்டில் விழுந்தது. உன் பெரியம்மா இன்றைக்கும் அதை அபசகுனம் என்பாள். சித்தப்பா கல்யாணப் படத்தைப் பார். ஏழு பெண் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆறு தலையில் மல்லிகை, உன் தலையில் ரிப்பன். நானும் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன், உன்னைத் தூக்குவேனே என்று. பள்ளிக்கூடத்தில் ஓணத்துக்குத் தரையில் பூக்கோலம் போட்ட அன்று உன் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மதியம் உன்னைக் கூப்பிட வந்தபோது, நீ வகுப்புக் கண்ணாடிக்கு உட்பக்கம் நின்று, மூக்கை அதில் அழுத்தி, வெளியே மற்ற பிள்ளைகள் இதழ் கிள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ அழவில்லை. நான் உன்னை எவ்வளவு நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

உனக்கு ஆறு வயதில் காய்ச்சல் கண்டு புதிதாக வந்த மலையாள டாக்டரிடம் போனோம். அவர் அட்டையைப் புரட்டிவிட்டு, "இதொக்கெ இருக்கில்லே மோளுக்கு. சாப்பாட்டுல ஸ்ரத்தையா இருக்கீங்களா?" என்றார்.

"பூ பக்கமே விடறதில்லைங்க டாக்டர்" என்றேன் நான்.

"பூவோ?"

"ஆமாங்க. ஃபூல் கூடாதுன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எந்தா அம்மா இது. ஃபூல் பூ அல்ல. பயறு. காலையில அரபிகள் குப்பூஸ் ரொட்டி கூட திங்கிற பயறு. நம்ம மொச்சையில்லே, அதோட சேட்டன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் சிரிப்பில்லாமல் சொன்னார். "சிலருக்கு ஒன்னும் ஆவாது. சிலருக்கு ஒரு பிடி மதி. ரத்தம் உள்ளுக்குள்ளயே உடைஞ்சு போகும். ரெண்டு நாள்ல ஆளைக் கொண்டுபோகும். பூ வெச்சோளூ. பயறு வேண்டா."

திரும்பி வரும்போது அப்பா ரவுண்டானா தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். "கான் பாய், நல்லா படிச்சய்யா நீ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பின்சீட்டில் நீ வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய். அந்த ஆறு வருடத்தில் யாராவது ஒரு ஸ்பூன் ஃபூலை உன் வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தவறான வாசலில் காவல் நின்றிருக்கிறேன். சரியான வாசல் ஆறு வருடம் திறந்தே கிடந்திருக்கிறது. அந்த மதியத்திலிருந்து எனக்கு எல்லா வாசலும் சந்தேகம். நான் ஏன் இப்படி என்று நீ கேட்டபோதெல்லாம் நான் சொல்லாத பதில் இது.

உன்னிடம் உண்மையைச் சொல்லலாம் என்றார் அப்பா. "இப்பச் சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பா. கொஞ்சம் பெரிசாகட்டுங்க" என்றேன். அரபிக்கடை ஃபூலும் ஆகாது என்று பட்டியலில் ஒன்றைச் சேர்த்தேன். பூவைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. வெட்கம்தான் காரணம். கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற பிள்ளையிடம், அது சும்மாதான் என்று எப்படிச் சொல்வது? ஒரு வருடம் தள்ளினேன், பிறகு இன்னொன்று. பிறகு அது உனக்கு அலர்ஜி என்றே ஆகிவிட்டது. பள்ளி மருத்துவப் படிவத்தில் நானே அப்படி எழுதினேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் குதிரைப் பைத்தியம் பிடித்தது. ஊருக்கு வெளியே, மலை தெரியும் பக்கத்தில் இருந்த லாயத்துக்கு வெள்ளிதோறும் கூட்டிக்கொண்டு போனேன். குதிரை ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜமீல் பாய் உன்னை முதன்முதலாகப் பழுப்புப் பெண்குதிரை மேலே ஏற்றிய அன்று நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து, காலை இறுக்கு" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் குதிரையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், ஆப் காடி மே பைட்டியே. கோடா பரேஷான் ஹோத்தா ஹை." நான் கத்துவது குதிரைக்குத் தொந்தரவாக இருக்கிறதாம், காரில் போய் உட்கார வேண்டுமாம். ஆறு வருட வெள்ளிக்கிழமைகளை அந்தக் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு கழித்தேன். நான் படித்த புத்தகங்களில் பாதி அங்கே படித்தவை. ஒரு பக்கத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, வேலிக்கு மேலே உன் தொப்பி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அடுத்த பக்கம். நீ விழுந்து தோள் எலும்பு விட்டுப்போன அன்று தொப்பி தெரியவில்லை. எனக்குக் கார்க் கதவைத் திறக்க வரவில்லை. உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டு பிரித்த அடுத்த வெள்ளி நீ மறுபடி ஏறினாய். நான் மறுபடி காரில் உட்கார்ந்தேன்.

பிறகு நீ திருச்சியில் கல்லூரிக்குப் போனாய். விடுதியில் உன் அறைத்தோழி விளையாட்டாக ஒரு முழம் மல்லிகையை உன் தலையில் செருகிவிட்டாள். அலர்ஜி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மாலைவரை கட்டிலில் உட்கார்ந்திருந்ததாகவும் ஒரு தும்மல்கூட வரவில்லை என்றும் போனில் சொன்னாய். "வயசானா சரியாயிடும்னு அப்பவே டாக்டர் சொன்னாரு" என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொங்கல் லீவில், சாப்பாட்டு மேசையில், அப்பா கான் பாய் கதையை நகைச்சுவையாக எடுத்துவிட்டார். ஃபே, வாவ், லாம் என்று கூட்டி வாசித்துக் காட்டினார். நீ சிரிக்கவில்லை. "பன்னெண்டு வருஷம் தெரிஞ்சும் சொல்லலையா?" என்று என்னைக் கேட்டாய். நான் ரசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. டாக்சியில் முன்சீட்டில் உட்காராதே என்றால், "இது நிஜமா, பூவா?" என்பாய். தனியாக நீந்தப் போகாதே என்றால், "பூ." துபாயில் வேலை கிடைத்து சத்வாவில் அறை எடுத்துப் போன பிறகு, நான் போன் செய்தால் அங்கே உன் புது அறைத்தோழி, "உங்கம்மா, பூக்கடை" என்று கொடுப்பாள், எனக்குக் கேட்கும். ஃபூல் மட்டும் நிஜம், அது டாக்டரே சொன்னது என்றேன். "ஆஃபீஸ்ல ஃபலாஃபல் வடை தின்னேன்மா. அதுலயும் ஃபூல் போடுவாங்கன்னு எகிப்துக்காரி சொன்னா. ஒன்னும் ஆகல. அதுவும் பூதான்" என்றாய். இங்கே பெரும்பாலும் கொண்டைக்கடலையில் செய்வார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நம்ப மாட்டாய் என்று எனக்கும் தெரிந்தது. ஒருமுறை பொய்க்காரி என்று நிரூபணமானவள் சொல்லும் உண்மைக்கு என்ன மரியாதை? அதை நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

சார்டீனியா என்ற தீவின் பெயரை நீ சொன்னபோது அது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆறு நாள், குதிரை மேல். காலையில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து கிளம்பி, கார்க் மரக் காடும் ஆட்டு மேய்ச்சலும் தாண்டி, மாலையில் இன்னொரு பண்ணை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பெண்கள் சமைத்துப் போடுவார்கள். நீ போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். அப்பளம் மாதிரி மெல்லிய ரொட்டி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மேலே தேன் ஊற்றின பலகாரம். "அங்க இருக்கற குதிரைங்களுக்கு அரபு ரத்தம்மா. நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான்" என்றாய், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போல. பதிவுப் படிவத்தை என் எதிரில்தான் நிரப்பினாய். ஒவ்வாமை எதுவும் உண்டா என்ற இடத்தில், இல்லை என்று தட்டினாய். நான் பார்த்தேன்.

நீ போன மூன்றாம் நாள், நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு இருக்கும். அரைமணி முன்பே வந்திருந்த உன் படத்தை அப்போதுதான் பார்த்தேன். மரத்தடியில் நீள மேசை, உன் தொப்பி, ஒரு பாலாடைக்கட்டி வட்டம், ரொட்டி. நடுவில், குவியலாக, விரல் நீளத்துக்குப் பச்சைக் காய்கள். பாதி உரித்துக் கிடந்தன. கீழே எழுதியிருந்தாய்: "லன்ச். இதைப் பச்சையாவே சீஸோட சாப்பிடறாங்க. செம டேஸ்ட், நிறுத்தவே முடியல."

நான் உடனே எழுதினேன். ஒற்றை டிக். கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. மறுபடி எழுதினேன், ஒற்றை டிக். நீ சாப்பிட்டுவிட்டுக் குதிரையேறி மலைக்குள் போய்விட்டாய். அங்கே சிக்னல் கிடையாது என்று நீயே சொல்லியிருந்தாய். டாக்டர் சொன்ன இரண்டு நாள் கணக்கு தலைக்குள் ஓட ஆரம்பித்தது. அப்பா வற்புறுத்தி உன்னிடம் வாங்கி ஃப்ரிஜ்ஜில் ஒட்டிவைத்த தாளில் ஒவ்வொரு பண்ணை வீட்டின் எண்ணும் இருந்தது. அதைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். அன்று மதியச் சாப்பாடு போட்ட வீட்டைக் கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். என்னைவிட மூத்த குரல். ஆங்கிலம் தெரியவில்லை. "மை டாட்டர். ஹார்ஸ். துபாய்" என்றேன். "ஆ, துபாய்" என்று அவள் மகிழ்ச்சியாக ஏதேதோ சொன்னாள். உன்னைப் பாராட்டுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "பீன்ஸ். ஃபாவா. ஷீ ஈட் ஃபாவா" என்றேன். "ஸீ, ஸீ. ஃபாவே. புவோனே" என்று சிரித்தாள், நன்றி சொல்லக் கூப்பிட்டேன் என்று நினைத்து. இருபது வருடத்துக்கும் முன்பு நர்ஸ் விரலை ஆட்டியபோது என் முகத்திலும் இப்படித்தான் ஒரு சிரிப்பு இருந்திருக்கும். நான் அழ ஆரம்பித்திருந்தேன். புத்தகத்தில் படித்த அந்த வியாதியின் பெயர் நினைவுக்கு வந்தது. அதுவரை அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "ஃபாவிசம்" என்றேன். "மை டாட்டர். ஃபாவிசம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஃபாவிஸ்மோ?" என்றாள், மிக மெதுவாக. "யெஸ். யெஸ்." நாற்காலி தள்ளப்படும் சத்தம். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே யாரையோ பெயர் சொல்லிக் கத்தினாள். ஆண் குரல், நாய், ஒரு ஜீப் கிளம்பும் சத்தம். பிறகு என்னிடம், "மாம்மா, மாம்மா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். நாற்பது நிமிடம் கழித்து அவள் மகன் ஆங்கிலத்தில் கூப்பிட்டான். அவனுடைய அப்பா மலைப்பாதையில் போய்க் குழுவைப் பிடித்துவிட்டார், உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்றான். "எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இது இருக்கிறது, மேடம். இந்தத் தீவில் எல்லா அம்மாவுக்கும் அந்தச் சொல் தெரியும். சாப்பிட உட்காருமுன் உங்கள் மகளிடமும் என் அம்மா கேட்டாள். அவள் இல்லை என்று தலையாட்டினாள்." அந்தச் சொல்லை நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. உன்னிடம் இருந்தது ஃபூல் என்ற ஒரே சொல்தான், அதையும் நான் பூவாக்கி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ கூப்பிட்டு என்னைத் திட்டினாய். "எனக்கு ஒன்னுமே இல்லம்மா. குரூப்ல எல்லாரும் எனக்காக நின்னுட்டிருக்காங்க. அசிங்கமா இருக்கு. டெஸ்ட் முடிஞ்சதும் கிளம்பப் போறேன்." மறுநாள் காலையில் உன் குரல் வேறாக இருந்தது. "ம்மா, யூரின் கட்டங்காப்பி மாதிரி கருப்பா வருது" என்றாய். கண் மஞ்சளாகிவிட்டது என்றாய். பிறகு, சின்னப் பிள்ளையில் கேட்பது போல, "இது நிஜமாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

என் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு விசா கிடையாது. விண்ணப்பிக்க நாள் கிடைக்கவே மூன்று வாரம் என்றார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். போனை மேசை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நாளும் மதியம் அந்தப் பண்ணை வீட்டுப் பெண் இருபது கிலோமீட்டர் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, மகனைக் கொண்டு எனக்குப் போன் போடச் சொல்வாள். யாரோ ஒரு தீவுக்காரரின் ரத்தம் இரண்டு பை உனக்கு ஏறியது. கொண்டுவர ஒரு நாள் தாமதமாகி, மலை மேலே இருக்கும்போதே இது தொடங்கியிருந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் அந்த மகனிடம் சொல்லியிருக்கிறார். அவன் அதை எனக்கு அப்படியே மொழிபெயர்த்தான். நல்ல பையன், மறைக்கத் தெரியவில்லை.

நீ திரும்பி வந்து இத்தனை மாதமாக எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்கிறாய். "எங்கம்மா அந்தப் போட்டோவை ஜூம் பண்ணிப் பார்க்கலைன்னா நான் இன்னைக்கு இல்ல." அறந்தாங்கியிலிருந்து உன் பெரியம்மா கூப்பிட்டு, தாய்க்குத்தான் தெரியும் என்று அழுதாள். உன் அறைத்தோழி என் காலைத் தொட வந்தாள். நீயும் மாறிவிட்டாய். எதற்கும், "அம்மா சொன்னா சரியாதான் இருக்கும்" என்கிறாய். எனக்கு முன்பைவிட இப்போதுதான் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் நான் அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு முன்பே தெரியும். நீ கிளம்புவதற்கு முன், வழக்கம்போல அந்தத் தீவைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். என்ன பாம்பு, எந்தச் சாலை, என்ன சாப்பாடு. வசந்தத்தில் அங்கே வயலெல்லாம் அந்தப் பயறு என்றும், பச்சையாக உரித்துச் சாப்பிடுவார்கள் என்றும், உன் வியாதி அங்கே வீட்டுக்கு வீடு உண்டு என்றும் அதில் இருந்தது. அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். "அங்க சாப்பாட்டுல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "பூவாம்மா?" என்றாய். பின்னால் உன் தோழி சிரித்தாள். நான் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அடுப்படியில் நின்றபோது என் மனதில் ஓடியது பயமில்லை. கோபம். சரி, போ, போய்த் தெரிந்துகொள் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது நான் சொன்னது நிஜம் என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் தலையாட்டியபோதும் அந்தக் கோபம் இருந்தது. உன் உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை. வயிற்றுவலி, ஒரு நாள் காய்ச்சல், பிறகு நீ என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்பாய், அவ்வளவு. ஆனால் எவ்வளவு ஆகும் என்று எனக்கு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பிடி போதும் என்று. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சன்கிரீம் கேட்டேன்.

குதிரையிலிருந்து விழுவாய், பாம்பு கடிக்கும், விமானம் கவிழும் என்றெல்லாம் இருபது வருடத்துக்கு மேல் வெளியே பார்த்துப் பயந்தவள் நான். உன் படம் வந்த மதியத்திலிருந்து நான் பயப்படுவது என்னைப் பார்த்து. உன்னை அவ்வளவு நேசிக்கிறவளுக்குள்ளே, ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஒருத்தி இருக்கிறாள். அவள் எனக்கு அந்நியம் இல்லை. ரசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். உனக்கும் பிள்ளை பிறக்கலாம். நீ தவறாகச் சொல்லிவிட்டாய் என்று தெரிந்த அன்றே, வெட்கத்தோடு, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிடு. சின்னப் பிள்ளைக்குப் புரியாது என்று தள்ளிப்போடாதே. இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று இனி நம்பாதே. ஒவ்வொன்றையும் கேள், நிஜமா, பூவா என்று. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில். அன்றைக்கு நீயும் நிற்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சமம் இல்லை. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை உனக்கு அனுப்பினேன். இனி வருவது பிறகு சேர்த்தது. அன்று மாலை கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "படிச்சது எத்தனை நாளைக்கு முன்னாடி?" "மூணு நாள்" என்றேன். சரி என்று வைத்துவிட்டாய். ஏழு வாரம் நீ ராஸ் அல் கைமாவுக்கு வரவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினாய். எட்டாவது சனிக்கிழமை மதியம் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, அதை மெஷினில் போட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாய். நான் சொன்னேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து பார்த்த பிறகுதான் தட்டில் போட்டுக்கொண்டாய்.